முல்லைவாயில் முதல் பூவிருந்தவல்லி வரை: பக்தியும் நேர்மையும்

அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையில் இருக்கிறது வடதிருமுல்லைவாயில். அங்கே கோயில் கொண்டுள்ள மாசிலாமணீசுவரர் மேல் சுந்தரர் பாடிய பதிகம் ஏழாம் திருமுறையில் உள்ளது. பார்வை பறிபோன நிலையில் பாடிய பாட்டு. பார்வை போனது தாம் மணந்த சங்கிலியாரை முன்னிட்டே என்பதை அவர் பதிகத்துக்குள்ளேயே சொல்லிவிடுகிறார். ஆகவே இதைப் பிற்காலப் புராணம் புனைந்து சேர்த்தது என்று தள்ள முடியாது. 8ஆம் நூற்றாண்டை ஒட்டி வாழ்ந்த ஒரு கவிஞர் தம் வாயாலேயே தந்த வாக்குமூலம் இது. கடவுளுக்கே தோழர் என்று பெயரெடுத்தவர், ஒரு பெண்ணுக்குக் கொடுத்த வாக்கை மீறியதற்காகத் தண்டிக்கப்பட்டார்.

கடவுளிடம் காட்டும் பக்தி, சக மனிதரிடம் காட்டத் தவறிய நேர்மைக்கு ஈடாகுமா? இந்தக் கேள்வியை உலகில் மிகப் பிடிவாதமாகக் கேட்டுவந்த மரபுகளில் ஒன்று யூத மரபு. தமிழ்ப் பக்தி மரபும் இதைக் கேட்டிருக்கிறது. ஆனால் விதியாக வகுக்காமல் கதைகளுக்குள் வைத்துக் கேட்டது. அந்தக் கதைகளில் முக்கியமான சில, இன்றைய சென்னையின் மேற்குப் புறநகரில் நெருங்கி அமைந்த ஊர்களைச் சேர்ந்தவை. அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக வைத்துப் பார்த்தால் கேள்வி எப்படி வளர்ந்தது என்பது புலப்படும்.

யூத மரபின் தொடக்கம் கி.மு. 8ஆம் நூற்றாண்டின் தீர்க்கதரிசிகள். தெக்கோவா ஊர் மேய்ப்பரான ஆமோஸ், ஏழையை ஒரு ஜோடி செருப்புக்கு விற்கிறவர்களின் பலிகளையும் பண்டிகைகளையும் கடவுள் வெறுக்கிறார் என்று முழங்கினார். கி.பி. 200ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட யூதச் சட்ட நூலான மிஷ்னா அந்த முழக்கத்தைச் சட்டமாக்கியது. ஆண்டுக்கு ஒருமுறை வரும் பாவநிவாரண நாள், மனிதன் கடவுளுக்குச் செய்த குற்றங்களைத்தான் நீக்கும். சக மனிதனுக்குச் செய்த குற்றம், பாதிக்கப்பட்டவரை நேரில் சமாதானப்படுத்தும் வரை நீங்காது. எத்தனை நோன்பு இருந்தாலும் இதுதான் விதி.

இந்த அளவுகோலோடு சுந்தரர் வரலாற்றுக்கு வருவோம். 12ஆம் நூற்றாண்டில் அதை விரித்து எழுதிய சேக்கிழார் பூவிருந்தவல்லிக்குத் தெற்கே உள்ள குன்றத்தூர்க்காரர். இரண்டாம் குலோத்துங்கனின் அமைச்சர். அவர் சொல்லும் விதம் கூர்ந்து கவனிக்கத்தக்கது. திருவொற்றியூரில் சங்கிலியாரை மணக்க, பிரியேன் என்று சுந்தரர் சத்தியம் செய்ய வேண்டும். கருவறையில் சத்தியம் செய்யும்போது இறைவன் அங்கில்லாமல் மகிழமரத்தடியில் போய் இருக்க வேண்டும் என்று அவர் முன்கூட்டியே வேண்டிக்கொள்கிறார். மீறினாலும் பிடிபடாத சத்தியம் செய்ய நினைத்தார் என்பதே இதன் பொருள். இறைவனோ சங்கிலியாரிடம் போய், மகிழமரத்தடியில் சத்தியம் கேள் என்று சொல்லிக்கொடுத்துவிடுகிறார். பக்தனின் தந்திரத்துக்குக் கடவுள் உடன்படவில்லை. வசந்தத்தில் திருவாரூர் நினைவு வந்து ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் கண்கள் மறைகின்றன. முல்லைவாயில், வெண்பாக்கம் வழியே போய்க் காஞ்சியில் ஒரு கண்ணும் ஆரூரில் மறு கண்ணும் கிடைக்கின்றன.

சைவ இலக்கியத்தில் அறத்தின் பக்கம் இவ்வளவு உறுதியாக இறைவனை நிறுத்திய இடம் வேறு உண்டா என்று தெரியவில்லை. ஆனால் மிஷ்னாவின் கணக்கில் இங்கே ஒன்று குறைகிறது. சுந்தரர் முல்லைவாயில் இறைவனிடம் முறையிடுகிறார், காஞ்சி ஏகம்பரிடம் முறையிடுகிறார். சங்கிலியாரிடம் திரும்பிப் போய் அவர் மனத்தை ஆற்றும் காட்சி பெரியபுராணத்தில் இல்லை. ஆரூரில் இருந்த முதல் மனைவி பரவையாரின் ஊடலைத் தீர்க்க இறைவனே தூது நடக்கிறார். ஒற்றியூருக்கு அப்படி ஒரு தூது போகவில்லை.

திருவேற்காட்டில் கேள்வி இன்னும் சிக்கலாகிறது. அவ்வூர் மூர்க்க நாயனாரைப் பெயரளவில் வணங்கிச் செல்கிறது சுந்தரரின் திருத்தொண்டத்தொகை. நம்பியாண்டார் நம்பியின் அந்தாதி தனிப் பாட்டாகப் பாடுகிறது. முழு வாழ்க்கையும் கிடைப்பது சேக்கிழாரிடம்தான். அடியார்க்குச் சோறிட்டே சொத்தெல்லாம் கரைந்துபோக, அவர் சூதாடப் புகுகிறார். ஊரூராய் ஆடிக் கும்பகோணம் வரை போகிறார். தோற்றுவிட்டுப் பணம் தர மறுப்பவரை உடைவாளால் குத்துகிறார். கிடைத்த பொருளில் அன்னதானம் நடக்கிறது. அடியவரை உபசரிக்க எதையும் செய்யலாம் என்பதுதான் கதையின் கருத்து என்றால், பக்தி நேர்மையை விழுங்கிவிட்டதாகத் தீர்ப்பெழுதி நகர்ந்துவிடலாம். சேக்கிழார் அப்படி நகர விடவில்லை. சூதில் வந்த பொருளை நாயனார் தம் கையால் தொடுவதில்லை, சமைப்பவர்களே எடுத்துக்கொள்கிறார்கள், அடியார் எல்லாரும் உண்டபின் கடைப்பந்தியில்தான் அவர் உண்கிறார் என்று எழுதுகிறார். அந்தப் பொருளில் ஏதோ ஒட்டியிருக்கிறது என்ற உறுத்தல் ஆசிரியருக்கு இருந்திருக்கிறது என்றே கொள்கிறேன்.

இதே சிக்கலை யூதர்களின் தல்மூத் வேறு வழியில் முடித்தது. கூடாரப் பண்டிகையில் கையில் ஏந்தும் பேரீச்சங் குருத்து திருடியதாக இருந்தால் சடங்கு செல்லாது; குற்றத்தின் வழியே வந்த புண்ணியம் புண்ணியமே ஆகாது. சேக்கிழார் அந்த முடிவுக்குப் போகவில்லை. அன்னதானம் செல்லும், அவர் நாயனார்தான், ஆனால் அந்தக் காசு அவர் கையில் படக்கூடாது. இந்த இடைநிலை அறவியல் நோக்கில் நிறைவானது என்று சொல்ல என்னால் முடியவில்லை. கும்பகோணத்தில் குத்துப்பட்டவனுக்குக் கதையில் பெயர்கூட இல்லை.

ஆவடியை அடுத்த திருநின்றவூரில், பொருளில்லாத பூசலார் மனத்துக்குள் கட்டிய கோயிலுக்காகப் பல்லவன் காஞ்சியில் கட்டிய கற்றளியின் குடமுழுக்கு நாளையே தள்ளிவைக்கச் சொன்னார் இறைவன் என்பது ஊரறிந்த கதை. புறச் சடங்கைவிட அகம் பெரிது என்பதை இது நிறுவுகிறது. பிறரிடம் எப்படி நடந்துகொள்வது என்பதைப் பற்றி இது பேசவில்லை.

அதைப் பேசுவது வைணவப் பக்கம். பிரம்புத் தொழிலாளி வீட்டில் வளர்ந்த திருமழிசையாழ்வார் வந்ததைக் கண்டு பெரும்புலியூர் அந்தணர்கள் வேதம் ஓதுவதை நிறுத்தினார்கள். பிறகு விட்ட இடம் மறந்து தவித்தார்கள். ஒரு கருநெல்லை நகத்தால் பிளந்து அவர்தான் நினைவூட்டினார் என்கிறது வைணவ ஆசாரியர்களின் வரலாறான குருபரம்பரை. தீட்டுக்கு அஞ்சியவர்களுக்கு வேதமே நழுவிப்போகிறது.

பூவிருந்தவல்லித் திருக்கச்சி நம்பி இந்த வரலாற்றின் நடுநாயகம். மரபுக் கணக்கில் 1009ஆம் ஆண்டு வைசிய குலத்தில் பிறந்தவர். தாம் வளர்த்த பூக்களைக் காஞ்சி வரதருக்குச் சுமந்து சென்றவர், விசிறி வீசியவர், பெருமாளோடு பேசியவர். மோட்சம் கேட்டபோது, நீ வீசினாய், நான் பேசினேன், கணக்கு முடிந்தது என்று வரதர் கைவிரித்ததாகவும், அடியாருக்குத் தொண்டு செய்தால்தான் கதி என்று நம்பி திருக்கோட்டியூர் நம்பியிடம் மாடு மேய்க்கப் போனதாகவும் வழிவழியாகச் சொல்கிறார்கள். சந்நிதிக் கைங்கர்யத்துக்கு இவ்வளவு கறாராக வரம்பு கட்டிய கதை வேறொன்று எனக்குத் தெரியாது.

நம்பி உண்ட மிச்சத்தை உண்ண விரும்பி இராமானுசர் அவரை விருந்துக்கு அழைத்தார். இராமானுசர் வெளியே போயிருந்த வேளையில் நம்பி வந்து உண்டு போய்விட்டார். மனைவி தஞ்சமாம்பாள் இலையைத் தள்ளி, இடத்தைக் கழுவி, தாமும் குளித்து, கணவருக்கு வேறு சமைத்தார். பின்னொரு நாள், பசித்து வந்த தொழிலாளிக்கு வீட்டில் சோறிருக்க இல்லையென்றார். இராமானுசரின் ஆசாரியரான பெரிய நம்பியின் மனைவியோடு கிணற்றடியில் சண்டை வந்ததும் இராமானுசர் துறவு பூண்டார்.

19ஆம் நூற்றாண்டில் லித்துவேனியாவில் மூசார் என்ற ஒழுக்க இயக்கத்தைத் தொடங்கிய இசுரேல் சலாந்தர் (1810–1883) பற்றிய ஒரு செய்தி இங்கே நினைவுக்கு வருகிறது. உண்ணுமுன் சடங்காகக் கைகழுவ அவர் மிகக் குறைந்த நீரே எடுப்பாராம். நீரைத் தூரத்திலிருந்து சுமந்து வருபவள் வேலைக்காரப் பெண். அவள் தோளில் ஏறித் தாம் புண்ணியம் தேடக்கூடாது என்பாராம். காஞ்சியிலும் லித்துவேனியாவிலும் ஆசாரத் தண்ணீர் இன்னொரு மனிதரின் மதிப்பை மிதிக்கக்கூடாது என்பதே பேச்சு.

ஆனால் குருபரம்பரை ஆசிரியர்கள் பழியை முழுக்கத் தஞ்சமாம்பாள் மேல் போட்டது சரியல்ல. அவர் செய்தது அந்நாளைய ஒவ்வொரு வைதிக வீட்டிலும் பெண்ணுக்குக் கற்பித்த விதி. அந்த விதியைக் கற்பித்தவர்களை நூல் கேள்வி கேட்கவில்லை. கைக்கொண்ட பெண்ணைக் கேட்டது. சங்கிலியாருக்கு நேர்ந்ததும் இதற்கு நெருங்கியதே.

பூவிருந்தவல்லி வரதராசர் கோயிலில் நம்பிக்குத் தனிச் சந்நிதி உண்டு. அது அவருக்குக் கிடைத்த நியாயம். முல்லைவாயிலின் தலவரலாற்றை இனி எழுதுவோர், சுந்தரர் கண்ணுக்காக அழுதார் என்பதோடு நிறுத்தாமல், யாருக்குக் கொடுத்த வாக்கை மீறியதால் அழுதார் என்பதையும் எழுத வேண்டும். பதிகம் பாடியவரே மறைக்காத பெயர் அது.