கடல் கடந்த ஓவியங்கள் – 7: ஓடாத தேர்கள்

பெரு நாட்டின் கூஸ்கோ நகரில், முன்பு பேராயர் இல்லமாக இருந்த மாளிகை இப்போது அருங்காட்சியகம். அங்கே நற்கருணைப் பவனியைச் சித்திரிக்கும் 12 பெரிய ஓவியங்கள் இருக்கின்றன. அதே வரிசையைச் சேர்ந்த இன்னும் நான்கு, சிலி நாட்டின் சாந்தியாகோவில். சாந்தா அனா பங்குக் கோயிலுக்காக 1670-களின் பிற்பாதியில் வரையப்பட்டவை இவை. வரைந்தவர் பெயர் எதிலும் இல்லை. மாடங்களில் விரித்துப் போட்ட கம்பளங்கள், முண்டியடிக்கும் கூட்டம், நற்கருணை வைத்த கதிர்ப்பாத்திரத்தை ஏந்தி வரும் ஆயர் என ஊரே திரண்டிருக்கிறது. சில ஓவியங்களில் பங்கின் புனிதர்கள், பெரிய சக்கரங்கள் பூட்டிய அலங்காரத் தேர்களில் பவனி வருகிறார்கள்.

17-ஆம் நூற்றாண்டில் கூஸ்கோவில் திருவிழா இப்படித்தான் நடந்தது என்று ஆய்வாளர்கள் வெகுகாலம் நம்பினார்கள். பிறகு அந்தத் தேர்கள் எங்கிருந்து வந்தன என்பது தெரிந்துபோனது. ஸ்பெயினின் வலென்சியா நகரத்து விழா ஒன்றைப் பற்றி 1663-ல் அச்சான புத்தகத்தில் உள்ள படங்கள் அவை. கூஸ்கோவில் புனிதர் சுரூபங்களைத் தோளில்தான் சுமந்து போவார்கள், இன்றைக்கும் அப்படியே. ஓவியத்தில் உள்ள தேர்கள் அந்த ஊர் வீதியில் ஒருநாளும் ஓடியதில்லை.

இதைக் கேட்டதும், காப்பியடித்த ஓவியம்தானே என்று உதடு பிதுக்கத் தோன்றும். தேருக்கு முன்னால் நடந்து வருபவரைக் கொஞ்சம் பாருங்கள். தலையில் செந்நிறக் குஞ்சம் தொங்கும் மஸ்கபாய்ச்சா என்ற தலையணி. ஸ்பானியர் வருவதற்கு முன் இன்கா பேரரசர் ஒருவருக்கே உரியதாக இருந்த அடையாளம் அது. அணிந்திருப்பவர் கூஸ்கோவில் வாழ்ந்த இன்கா குலப் பெருமகன். அவர் வலென்சியாப் புத்தகத்தில் இல்லை. தேரைத் தாளில் பார்த்து வரைந்த ஓவியர், இவரைத் தெருவில் பார்த்து வரைந்திருக்கிறார். பரோக் ஓவியம் ஐரோப்பாவைத் தாண்டிப் போன கதை முழுவதும் எனக்கு இந்த ஒரு ஓவியத்தில் தெரிகிறது.

ஐரோப்பிய பரோக் ஓவியர் ரூபென்ஸின் ஓவியங்கள் சுவர் கொள்ளாத அளவு பெரியவை. அவற்றைக் கப்பலேற்றி, பிறகு கோவேறு கழுதையின் முதுகில் கட்டி, 3,400 மீட்டர் உயரத்திலுள்ள கூஸ்கோவுக்குக் கொண்டுபோவது நடக்கிற காரியமா? போனது தாள். அன்றைய ஐரோப்பாவின் பெரிய அச்சு நகரம் ஆன்ட்வெர்ப். அங்கிருந்த பிளான்டின் அச்சகத்துக்கு, ஸ்பானியப் பேரரசுக்கு வழிபாட்டு நூல்களை அச்சிட்டு அனுப்பும் உரிமையை இரண்டாம் பிலிப் மன்னர் கொடுத்திருந்தார். பின்னாளில் அந்த அச்சகத்தின் நூல்களுக்கு ரூபென்ஸே படம் போட்டுக் கொடுத்தார். செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட படங்கள் மலிவானவை. சுருட்டிப் பெட்டியில் வைத்துவிடலாம். பார்ப்பவர் நெஞ்சைப் படங்கள் தொட வேண்டும் என்று 1563-ல் முடிந்த, கத்தோலிக்கத் திருச்சபையின் திரிதெந்தின் பொதுச்சங்கம் வலியுறுத்தியிருந்தது. ஆகவே மறைபோதகர் போன இடமெல்லாம் இந்தத் தாள்களும் போயின.

தாளில் கோடு உண்டு, நிழல் உண்டு, நிறம் கிடையாது. மரியாளின் மேலாடைக்கு என்ன சிவப்பு, வானத்துக்கு என்ன நீலம் என்று ஆன்ட்வெர்ப் சொல்லவில்லை. அதை முடிவு செய்தவர்கள் கூஸ்கோ ஓவியர்கள். சிவப்புக்கு அவர்கள் எங்கும் போக வேண்டியிருக்கவில்லை. கள்ளியில் வாழும் கொச்சினீல் பூச்சியிலிருந்து எடுக்கும் சாயம் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் தீட்டிய சிவப்பிலும் அந்தப் பூச்சி இருக்கிறது. இந்தப் பக்கம் படம் வந்தது என்றால் அந்தப் பக்கம் நிறம் போனது.

ஓவியர்களுக்கு வேலை பெருகியதற்கு 1650-ஆம் ஆண்டு நிலநடுக்கம் முக்கியக் காரணம். ஊரே இடிந்தது; கோயில்களை மறுபடி எழுப்ப வேண்டியிருந்தது. 1673-ல் மத்ரித்திலிருந்து ஆயராக வந்த மொயினேதோ கலைப் பித்தர். கையோடு ஓவியங்களும் கொண்டு வந்தார், உள்ளூர்க்காரர்களுக்கும் அள்ளி அள்ளி வேலை கொடுத்தார். பசிலியோ சாந்தா குரூஸ், தியேகோ கிஸ்பே தீத்தோ போன்ற ஆண்டிஸ் மண்ணின் மைந்தர்கள் அந்தக் காலத்தில்தான் புகழ்பெற்றார்கள். கிஸ்பே தீத்தோ 1681-ல் பேராலயத்துக்காகப் பன்னிரு ராசிகளை வரைந்தார். அதற்கும் ஆன்ட்வெர்ப் வட்டாரமான ஃபிளாண்டர்ஸின் அச்சுப்படங்களே மூலம். சூரியனையும் விண்மீன்களையும் வணங்கிய மக்களை, ராசிகளின் வழியாகவே இயேசுவின் கதைகளுக்குத் திருப்பும் ஏற்பாடு.

1688-ல் உள்ளூர் ஓவியர்கள் ஸ்பானிய ஓவியர்களோடு ஒரே சங்கத்தில் இருக்க முடியாது என்று பிரிந்துவிட்டார்கள். ஸ்பானியர் தங்களை நடத்திய விதம் அவர்களுக்குப் பொறுக்கவில்லை. அதற்குப் பின் வந்த ஓவியங்களில் இத்தாலிய ஓவியர் கரவாஜியோவின் இருட்டைத் தேடினால் கிடைக்காது. ஆழம் குறைந்து, உருவங்கள் நேர் எதிரே நிற்கின்றன. ஆடைகளின் மேல் பொன்னால் பூவேலை. துணியின் மடிப்பு எப்படி விழுந்தாலும் அந்தப் பூ மடங்குவதில்லை. ஐரோப்பியக் கலை வரலாற்றாசிரியர்கள் பலர் இதைத் திறமைக் குறைவு என்று எழுதினார்கள். நான் ஏற்க மாட்டேன். நிழலும் ஆழமும் கைவந்தவர்கள்தான் சாந்தா குரூஸும் அவர் தலைமுறையும். அடுத்து வந்தவர்கள் விட்டது, வேண்டாம் என்று விட்டது.

துப்பாக்கி ஏந்திய அதிதூதர்களையும் இங்கே சொல்ல வேண்டும். சரிகைக் கோட்டு, இறகு செருகிய தொப்பி, கையில் துப்பாக்கி. ஒருவர் மருந்து கெட்டிக்கிறார், ஒருவர் குறி பார்க்கிறார். இன்றைய பொலிவியாவில் லா பாஸ் அருகேயுள்ள கலமார்க்கா கோயிலில் இப்படி ஒரு வரிசையே இருக்கிறது. அவர்கள் நிற்கும் நிலைகள் யாகோப் டி கெய்ன் 1607-ல் வெளியிட்ட படைப்பயிற்சிப் புத்தகத்தின் படங்களோடு ஒத்துப்போகின்றன. அந்தப் புத்தகம் யாருக்காக? ஸ்பெயினை எதிர்த்துப் போரிட்ட டச்சு புராட்டஸ்டண்ட் படைக்காக! கத்தோலிக்கச் சம்மனசுகளுக்கு அதில் பயிற்சி. கூஸ்கோ ஓவியர் மார்க்கோஸ் சப்பாத்தா வரைந்த இறுதி இராவுணவில் மேசை நடுவே கிடக்கும் கினிப்பன்றியைத்தான் சுற்றுலா வழிகாட்டிகள் முதலில் காட்டுவார்கள். எனக்கு இந்தத் துப்பாக்கிக்காரர்களே பெரிய ஆச்சரியம்.

18-ஆம் நூற்றாண்டில் இது முழுநேர வியாபாரமாகிவிட்டது. சில மாதங்களுக்குள் நூற்றுக்கணக்கில் வரைந்து தர கூஸ்கோ பட்டறைகள் ஒப்பந்தம் எழுதின. சரக்கு சிலிக்கும் அர்ஜென்டினாவுக்கும் போனது. அவசரத்தில் வரைந்தவை பல சுமார்தான், அதை மறைப்பானேன்.

1780-ல் இன்கா வழித்தோன்றலான இரண்டாம் துப்பாக் அமாரு தலைமையில் ஸ்பானிய ஆட்சிக்கு எதிராகப் பெரும் கிளர்ச்சி வெடித்தது. மறு ஆண்டு மே மாதம் கூஸ்கோ சதுக்கத்தில் அவரைக் கொன்றார்கள். தண்டனை விதித்த அரச அதிகாரி அரெச்சே அதோடு நிற்கவில்லை. இன்கா உடைகளை யாரும் அணியக் கூடாது, இன்கா மன்னர்களின் உருவப்படங்களை அழிக்க வேண்டும் என்றும் ஆணையிட்டார். ஓவியம் எவ்வளவு வலுவானது என்பது விமர்சகர்களுக்கு முன்பே அந்த அதிகாரிக்குத் தெரிந்திருக்கிறது.

அதே பிளான்டின் அச்சகத்தில் அச்சான பன்மொழி பைபிள் ஒன்றை 1580-ல் இயேசு சபையினர் ஃபதேபூர் சிக்ரியில் அக்பரிடம் கொடுத்தார்கள். அவருடைய ஓவியர்கள் அந்தப் படங்களை என்ன செய்தார்கள் என்பதை அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)