ஹேபர்ன் என்கிற மனுஷன்

அமெரிக்கச் சட்ட மாணவர்களுக்கு ஹேபர்ன் என்பது ஒரு வழக்கின் பெயர். எனக்கு அவர் ஓய்வூதியம் கேட்டுப் போன ஒரு மனுஷன்.

புரட்சிப் போரில் உடல் முடங்கிய வீரர்களுக்குப் பாதிச் சம்பளம் என்று 1776 ஆகஸ்டில் காங்கிரஸ் வாக்குக் கொடுத்தது. வரி போடும் அதிகாரமே அதற்குக் கிடையாது. கொடுக்கும் பொறுப்பை மாநிலங்கள் தலையில் கட்டியது.

1792இல் புதுச் சட்டம் வந்தது. மனுவை நீதிமன்றம் விசாரிக்கும். அதன் முடிவைப் போர்த்துறைச் செயலர் நிறுத்திவைக்கலாம். நீதிமன்ற முடிவில் ஒரு செயலர் கை வைப்பதா என்று, வில்லியம் ஹேபர்னின் மனுவை பிலடெல்பியா நீதிபதிகள் விசாரிக்கவே மறுத்தார்கள். 1793இல் காங்கிரஸ் சட்டத்தை மாற்றியது.

நீதிபதிகள் செய்தது சரிதான். ஆனா அதுவரை காத்துக் கிடந்தது யாரு? ஏற்கெனவே உடம்பைக் கொடுத்துவிட்டு வந்தவர்கள்.