வாயில்லா ஜீவனுக்காக வழக்குப் போடுவது யார்?

லண்டன் தெருக்களில் காய்கனி விற்றுவந்த பில் பர்ன்ஸ் தம் கழுதையை அடித்துப் புண்ணாக்கிவிட்டார். அவரை நீதிமன்றத்துக்கு இழுத்தவர் ரிச்சர்ட் மார்ட்டின் என்ற எம்.பி. வாதம் எடுபடாமல் போகவே, கழுதையையே உள்ளே கொண்டுவந்து நிறுத்தி அதன் காயங்களைக் காட்டினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. பின்னாளில் அந்தக் காட்சியை ஓவியமாகவும் தீட்டினார்கள்.

மார்ட்டின் அயர்லாந்தின் கால்வே தொகுதிக்காரர். 1822இல் அவர் முயற்சியால் நிறைவேறிய சட்டம் குதிரை, கழுதை, மாடு, ஆடுகளைக் கொடுமைப்படுத்துவதைக் குற்றமாக்கியது. அபராதம் 10 ஷில்லிங் முதல் 5 பவுண்டு வரை. நாயும் பூனையும் அதில் சேர்த்தியில்லை. ஏழை வண்டிக்காரன் அபராதம் கட்ட முடியாமல் விழித்தால், வழக்குப் போட்ட மார்ட்டினே பாதிப் பணத்தைத் தம் பையிலிருந்து கொடுத்ததும் உண்டு.

எம்.பி. ஏன் தாமே வழக்குப் போட வேண்டும்? வேறு ஆள் இல்லை என்பதுதான் காரணம். லண்டன் மாநகரக் காவல்துறை உருவானதே 1829இல்தான். இங்கிலாந்தில் அரசு வழக்குத் தொடரும் துறை 1986 வரை கிடையாது. பாதிக்கப்பட்டவர்தான் வழக்குத் தொடர வேண்டும் என்பதே வழக்கம். பாதிக்கப்பட்டது மாடு என்றால் யாரிடம் போவது? அந்த இடத்தை நிரப்பத்தான் 1824 ஜூன் 16 அன்று ஒரு காபிக் கடையில் ஆர்தர் புரூம் என்ற பாதிரியார் கூட்டிய கூட்டத்தில் விலங்குவதைத் தடுப்புச் சங்கம் பிறந்தது. அடிமை வாணிகத்தை எதிர்த்த வில்பர்ஃபோர்ஸும் வந்திருந்தார். ஸ்மித்ஃபீல்டு மாட்டுச் சந்தையைக் கண்காணிக்க ஆள் வைத்து, முதல் ஆண்டிலேயே 63 பேரை நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். சங்கத்துக்குக் கடன் ஏறியபோது சிறைக்குப் போனவர் புரூம். 1840இல் விக்டோரியா மகாராணி ‘ராயல்’ பட்டம் தந்த பிறகுதான் அது இன்றைய ஆர்.எஸ்.பி.சி.ஏ. ஆயிற்று.

இன்றும் அதன் ஆய்வாளர் சீருடையில் வந்து கதவைத் தட்டுகிறார். வீட்டுக்காரர் முடியாது என்று கதவைச் சாத்தினால் அவர் வாசலோடு நிற்க வேண்டியதுதான். உள்ளே நுழையச் சட்டம் அவருக்கு அதிகாரம் தரவில்லை. காவலர் வர வேண்டும். விலங்கு துன்பப்படுகிறது என்று கால்நடை மருத்துவர் சான்று தர வேண்டும். காவலர் கைப்பற்றிய பிறகே எலும்பும் தோலுமான நாய் சங்கத்தின் காப்பகத்துக்குப் போகும். வழக்குத் தொடுக்கும் உரிமைகூடச் சங்கத்துக்கென்று தனியாகத் தரப்பட்டதல்ல. இங்கிலாந்தில் எந்தக் குடிமகனும் தனியார் வழக்குத் தொடுக்கலாம்; அந்த உரிமைதான். 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அதிகபட்சத் தண்டனை ஆறு மாதமாக இருந்தது. 2021 முதல் ஐந்து ஆண்டு. இனி விலங்கே வளர்க்கக் கூடாது என்று தடை விதிக்கவும் நீதிமன்றத்தால் முடியும்.

இந்த ஏற்பாட்டுக்கு எதிர்ப்பும் உண்டு. 2012இல் ஹீத்ராப் வேட்டைக் குழு மீது தொடுத்த நரிவேட்டை வழக்கில் சங்கம் வென்றது. கிடைத்த அபராதம் 6,800 பவுண்டு. செலவோ மூன்று லட்சம் பவுண்டுக்கு மேல். நன்கொடையாளர் பணம் இப்படிப் போகலாமா என்று நீதிபதியே வியந்து கேட்டார். சங்கம் வழக்குத் தொடுப்பதிலிருந்து விலக வேண்டும் என்று 2016இல் நாடாளுமன்றக் குழு பரிந்துரைக்க, அரசு அதை ஏற்கவில்லை. 2021இல் சங்கமே முன்வந்து, வழக்குகளைப் படிப்படியாக அரசு வழக்குத் துறையிடம் ஒப்படைக்கப்போவதாக அறிவித்தது.

சாட்சியம் திரட்டுபவரும் வழக்குத் தொடுப்பதா என்று முடிவு செய்பவரும் ஒருவராகவே இருப்பது நல்லதல்ல. அதிலும் நன்கொடையை நம்பி இருப்பவருக்கு, பேர் வாங்கித் தரும் வழக்கின் மேல் கண் போகத்தான் செய்யும். ஆனால் கொலை, கொள்ளைக் கோப்புகளுக்கு அடியில் நாயின் கோப்பு புதைந்துபோகும் என்ற அச்சமும் நியாயமானதே. ஸ்காட்லாந்தின் வழி மேலானது. அங்குள்ள விலங்குவதைத் தடுப்புச் சங்கத்தின் ஆய்வாளருக்குச் சட்டமே அதிகாரம் தருகிறது. அவர் அறிக்கை கொடுப்பார், வழக்குத் தொடுப்பதா வேண்டாமா என்பதை அரசு வழக்கறிஞர் முடிவு செய்வார். நியூயார்க்கில் 1866 முதல் அங்குள்ள விலங்குவதைத் தடுப்புச் சங்கம் சுமந்துவந்த அமலாக்கப் பொறுப்பை 2014இல் நகரக் காவல்துறை ஏற்றுக்கொண்டது.

நம் நாட்டில்? 1950களில் ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அதன் தொடர்ச்சியே 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம். 1962இல் அமைந்த விலங்குகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. அந்தச் சட்டத்தின் 11ஆம் பிரிவில் முதல் குற்றத்துக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய், இன்றும் அதேதான். ஒரு டீயும் வடையும் சாப்பிடும் காசு! அந்தப் பிரிவின் பெரும்பாலான குற்றங்களுக்குக் காவலர் தாமாகக் கைது செய்யவும் முடியாது. மாவட்டந்தோறும் தடுப்புச் சங்கம் வேண்டும் என்ற 2001ஆம் ஆண்டு விதி பல இடங்களில் காகிதத்தோடு சரி. ஆகவே தன்னார்வலர்கள்தான் மனுவும் கையுமாகக் காவல் நிலையப் படியேறுகிறார்கள். விலங்கைக் கொன்றாலோ முடமாக்கினாலோ பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவு ஐந்தாண்டு வரை சிறை என்கிறது. மனுவில் அதைக் குறிப்பிட மறக்கக் கூடாது. 1960 சட்டப்படி என்றால், குற்றம் நடந்த மூன்று மாதத்துக்குள் வழக்குத் தொடுத்தாக வேண்டும். கொடுமையைக் கண்ணால் பார்க்கிறவர்கள் தேதியோடு படம் எடுத்து, கால்நடை மருத்துவரின் சான்றையும் இணைத்து, அந்த வாரமே எழுத்தில் புகார் கொடுங்கள்.