வைகறைச் சர்க்கரையும் காணப்படாத இரவும்

சென்னை அபிராமபுரத்திலும் அதையடுத்த மந்தைவெளி, ஆழ்வார்பேட்டைப் பகுதிகளிலும் காலை வேளையில் ரத்தப் பரிசோதனை நிலையங்களில் வெறும் வயிற்றோடு காத்திருப்போர், முந்தின இரவு உண்ட அடையையோ தயிர்சாதத்தையோ எண்ணிக் கவலையுற்றபடியே கையை நீட்டுவதும், சர்க்கரை 180 என்று வந்துவிட்டால் அன்று முதல் இரவுச் சாப்பாட்டையே விட்டுவிடத் தீர்மானிப்பதும் வழக்கமாக இருக்கின்றன. அந்த எண்ணை இரவு உணவின் மீதான தீர்ப்பாக மாத்திரம் கொள்வது பொருந்தாது என்பதும், பின்னிரவின் அளவை அறியாமல் உணவையோ மருந்தையோ மாற்றுவது சில சமயம் அபாயகரமானது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

நாம் உறங்கினாலும் மூளை உறங்குவதில்லை. அதற்கு மணிக்குச் சுமார் 5 கிராம் குளுக்கோஸ் வேண்டும். அதை இரவு முழுவதும் அளிப்பது கல்லீரல். அது தன் சேமிப்பாகிய கிளைகோஜெனைக் கரைத்தும், புதிதாகக் குளுக்கோஸை உற்பத்தி செய்தும் ரத்தத்தில் விடுகிறது. உறக்கத்தின் முற்பகுதியில் மிகுதியாகச் சுரக்கும் வளர்ச்சி ஹார்மோனும், வைகறையை நோக்கி உயரும் கார்ட்டிசாலும் இன்சுலினின் வலிமையைக் குறைக்க, ஆரோக்கியமான கணையம் அதற்கு ஈடாகச் சற்று அதிகம் சுரந்து சமநிலையைக் காத்துக்கொள்கிறது. நீரிழிவாளரின் கணையத்துக்கு அந்தச் சக்தி இல்லாமையால், ஒரு கவளமும் உண்ணாத நிலையிலேயே அவருடைய சர்க்கரை மூன்று மணிக்குப் பிறகு ஏறத் தொடங்குகிறது. 1980-களின் தொடக்கத்தில் 'வைகறை நிகழ்வு' என்று பெயரிடப்பட்ட இது, இருவகை நீரிழிவிலும் காணப்படுவது.

இதற்கு நேர்மாறான விளக்கமொன்றை, அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் பணியாற்றிய ஹங்கேரிய ரசாயன அறிஞர் மைக்கேல் சோமோஜி 1938-இல் முன்வைத்தார். இரவில் இன்சுலின் மிகுந்து சர்க்கரை தாழ, உடல் அதை எதிர்க்கும் வேகத்தில் காலையில் மிகையாக ஏற்றிவிடுகிறது என்பது அவர் கொள்கை. ஆனால் தோலடியில் பொருத்தி இரவு முழுதும் அளக்கும் உணர்கருவிகள் வந்தபின் நடந்த ஆய்வுகளில், இரவில் தாழ்ந்தவரின் காலை அளவு பெரும்பாலும் உயர்வதில்லை, தாழ்ந்தே இருக்கிறது என்று தெரிந்தது. ஆகவே சோமோஜியின் கொள்கையைப் பொதுவிதியாக இனிக் கொள்வதற்கில்லை. எனினும் இரவைப் பாராமல் மருந்தைக் கூட்டலாகாது என்று அதிலிருந்து கிடைத்த எச்சரிக்கை இன்றும் முழு மதிப்புடையது.

ஏனெனில், படுக்கும்போது 220, மூன்று மணிக்கு 205, காலையில் 190 என்றிருப்பவருக்கும், படுக்கும்போது 130, மூன்று மணிக்கு 125, காலையில் 190 என்றிருப்பவருக்கும் காலை எண் ஒன்றே, காரணங்கள் வேறு. முன்னவரிடம் குற்றம் பிந்திய, மிகுதியான இரவுணவிலோ போதாத மருந்திலோ இருக்கலாம்; பின்னவர் இரவில் பட்டினி கிடந்தாலும் கல்லீரல் தன் வேலையை நிறுத்தப்போவதில்லை. கிளைபென்கிளமைடு, கிளிமெபிரைடு போன்ற மாத்திரைகளையோ இன்சுலினையோ வழக்கம்போல் எடுத்துக்கொண்டு சாப்பாட்டை மட்டும் நிறுத்துவோருக்கு, சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கும் ஆபத்தும் நேர்கிறது. உறக்கத்தில் அட்ரினலின் பதில் மழுங்குவதால் விழிப்பே வராமற் போகலாம். வியர்வையில் நனைந்த தலையணையும், துர்ச்சொப்பனமும், காலைத் தலைவலியுமே பல சமயம் மிஞ்சும் அடையாளங்கள். முதல்வகை நீரிழிவாளரிடையே அமெரிக்காவில் நடந்த பெரும் ஆய்வில், கடுமையான தாழ்சர்க்கரை நிகழ்ச்சிகளில் பாதிக்குமேல் உறக்கத்தில் நேர்ந்தவையே. பிள்ளைகள் அயல்நாட்டிலிருக்க, அடுக்ககத்தில் தனித்து வாழும் முதியோர் நிறைந்த நம் பகுதியில் இதை இலேசாக எண்ண என்னால் இயலவில்லை.

சென்னைக்கு நீரிழிவு மருத்துவத்தில் நீண்ட பாரம்பரியம் உண்டு. டாக்டர் எம். விசுவநாதன் 1954-இல் ராயபுரத்தில் நீரிழிவுக்கெனத் தனி மருத்துவமனை கண்டார். 1990-களில் தியாகராய நகரிலும் திருமங்கலத்திலும் வீடுவீடாக நடந்த ஆய்வு இந்நோயின் பரவலை அளந்தது. பின்னர் வந்த மற்றோர் ஆய்வு, சென்னைவாசிகள் உணவால் பெறும் சக்தியில் ஏறத்தாழப் பாதி தீட்டிய தானியங்களிலிருந்து, அதிலும் வெள்ளையரிசியிலிருந்து, வருவதைக் காட்டிற்று. இரவு உணவைக் குறைப்பதும் முன்னதாக உண்பதும் நன்று என்பதை இது வலியுறுத்துகிறதே தவிர, முற்றாகக் கைவிடுவதை ஆதரிக்கவில்லை.

செய்யத்தக்கது கடினமன்று. சில இரவுகள் அலாரம் வைத்து மூன்று மணிக்கு எழுந்து, விரல்நுனியின் பக்கவாட்டில் குத்தி, குளுக்கோமீட்டர் காட்டும் எண்ணைப் படுக்கும்போதும் விடியும்போதும் எடுத்தவற்றோடு ஒரே வரியில் குறித்து மருத்துவரிடம் காட்டினால் போதும். தனித்திருப்போருக்கு எச்சரிக்கை ஒலியுடைய உணர்கருவி மேலானது. சர்க்கரை தாழும்போது ஒலிக்கும் அக்கருவி, வேறெவரும் இல்லாத வீட்டில் எழுப்பும் துணையாகிறது. இரவுணவோடு போடும் என்.பி.எச். இன்சுலினின் உச்சம் நள்ளிரவை ஒட்டி வந்து தாழ்வை உண்டாக்குகிறது என்று அவ்வரி காட்டுமாயின், அளவைக் கூட்டாமலே, அதைப் படுக்கும் நேரத்துக்கு மாற்றி உச்சத்தை வைகறையோடு பொருத்துவது மருத்துவருக்குச் சாத்தியமாகிறது.