பேசாது உடன்படும் பொறிகள்

கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் கூடிக் களனி கங்கையாகும் பொல்பிட்டியவில், 1969ஆம் ஆண்டு 75 மெகாவாற்று நீர்மின் நிலையம் எழுந்தது. 1950இல் தொடங்கிய பழைய லக்சபான நிலையத்தைச் சுழற்றிய நீரே இங்கும் வந்து சுழலிகளை உருட்டுகின்றது. நீரினும் நுண்ணிய பிணைப்பொன்றும் இவ்விரு நிலையங்களுக்கிடையே உண்டு.

ஒரே மின்வலையில் இணைந்த பிறப்பாக்கிகள் யாவும் 50 ஹேர்ட்ஸ் மீடிறனில் ஒத்துச் சுழலல் வேண்டும். இதன்பொருட்டு அவற்றின் வேகச் சீராக்கிகள் தம்முள் உரையாடுவதில்லை. வலையின் மீடிறனே அவற்றுக்குச் செய்தி. விலகல் குறித்த எல்லையைக் கடந்தாலன்றி நீர்வாயில் பொதுவாக அசைவதில்லை. எல்லை குறுகின் வாயில்கள் ஓயாது அசைந்து தேயும். விரியின் மீடிறன் அலையும்.

பொறியியலாளர் பட்டறிவால் அறிந்த இதற்குக் கணிதம் காலந்தாழ்த்தியே வந்தது. நிகழ்வு தூண்டும் கட்டுப்பாடு உறுதி குலையாதிருக்கும் நிபந்தனைகளைப் பவுலோ தபுவாடா 2007இல் நிறுவினார். திமரோகோனாசும் இருவரும் 2012இல் அம்முறையைப் பல உறுப்புகள் கொண்ட வலைகளின் ஒருமிப்புக்கு விரித்தனர்.

2025 பெப்ரவரி 9ஆம் நாள் பாணந்துறைத் துணைமின் நிலையத்தில் நேர்ந்த தடங்கலால் நாடு முழுவதும் இருண்டது. குரங்கொன்றே காரணமென்றனர், குரங்கின்மேற் பழிபோடுதல் எளிது. அஞ்ஞாயிறு நண்பகலில் சூரிய மின்சாரம் மிக்கிருந்தது. சுழலும் பொறிகளின் சடத்துவமோ வலையைத் தாங்கப் போதவில்லை.