மெய்த் தேர்வுரிமைக் கோட்பாடு

மெய்த் தேர்வுரிமைக் கோட்பாடு என்பது, ஒரு தொழில் முயற்சியின் மதிப்பைக் கணிக்கும்போது, அம்முயற்சி ஈட்டித் தரக்கூடிய வருமானத்தை மட்டுமன்றி, அதனை உடனே தொடங்கவோ, தள்ளிப்போடவோ, விரிக்கவோ, சுருக்கவோ, பாதியிலே கைவிடவோ நடத்துவோருக்கு உள்ள சுதந்திரத்தையும் ஒரு சொத்தாகவே கொண்டு விலை மதிக்கும் பொருளாதார முறையாகும். ஒரு பங்கைக் குறித்த விலைக்குக் குறித்த தேதிக்குள் வாங்கவோ விற்கவோ உரிமை தந்து, கட்டாயம் எதையும் விதிக்காத ஒப்பந்தங்கள் பங்குச் சந்தையில் ஆப்ஷன் என்ற பெயரில் வழங்குகின்றன. அவற்றுக்கு விலை காணும் கணிதத்தைச் சுரங்கம், எண்ணெய் வயல், மருந்து ஆராய்ச்சி, கட்டடம் முதலிய மெய்ப்பொருள்களின்மீது பிரயோகிப்பதே இதன் சாரம். வணிக வட்டாரங்களில் இதனை ரியல் ஆப்ஷன் என்றே சொல்வர். 1977-ல் இப்பெயரை இட்டவர் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் ஸ்டூவர்ட் மையர்ஸ். ஒரு நிறுவனத்தின் சந்தை மதிப்பு, அதன் கையில் இன்று உள்ள ஆலைகளாலும் இயந்திரங்களாலும் மட்டும் அமைவதன்று, நாளை முதலிடுவதற்கு அதற்குள்ள வாய்ப்புகளாலும் அமைவது என்பது அவர் எடுத்துக்காட்டிய கருத்து.

இதற்கு முந்திய முறையை அறிந்தாலன்றி இதன் விசேஷம் விளங்காது. இர்விங் ஃபிஷர் வட்டியைப் பற்றி 1907-லும் 1930-லும் எழுதிய நூல்களாலும், ஜான் பர் வில்லியம்ஸ் 1938-ல் வெளியிட்ட முதலீட்டு மதிப்பு பற்றிய நூலாலும், மூலதனச் செலவைத் திட்டமிடுவது குறித்து ஜோயல் டீன் 1951-ல் எழுதிய நூலாலும் உருப்பெற்ற நிகர நிகழ்கால மதிப்பு முறை, வருங்காலத்தில் ஆண்டுதோறும் வரக்கூடிய பணத்தைத் தக்க வட்டி வீதத்தால் கழித்து இன்றைய மதிப்புக்குக் கொணர்ந்து, அதிலிருந்து போட வேண்டிய முதலைக் கழித்து, எஞ்சுவது பூச்சியத்துக்கு மேலாயின் காரியத்தைத் தொடங்கலாம் என்றும், கீழாயின் விட்டுவிடலாம் என்றும் தீர்ப்புக் கூறுவது. இத்தீர்ப்பினுள் சொல்லாமலே ஒளிந்திருக்கும் அனுமானங்கள் இரண்டு: முதலிடுவதானால் இன்றே, இன்றேல் என்றுமே இல்லை என்பது ஒன்று, தொடங்கிய பின் என்ன நேரினும் முதலில் வகுத்த திட்டப்படியே தொழில் நடக்கும் என்பது மற்றொன்று. நடைமுறையில் இவ்விரண்டும் பெரும்பாலும் மெய்யல்ல. விலை வீழ்ந்தால் சுரங்கத்தை மூடி வைப்பவரும், தேவை பெருகினால் இரண்டாவது ஆலை கட்டுபவரும், ஓராண்டு பொறுத்துப் பார்ப்போம் என்று இருப்பவரும் எல்லாத் தொழிலிலும் உண்டு.

ஓர் எளிய கணக்கைக் காண்போம். ஓர் ஆலையை நிறுவ 105 கோடி ரூபாய் தேவைப்படுகிறது. ஆலையின் இன்றைய மதிப்போ 100 கோடி. ஓராண்டுக்குப் பின் சந்தை செழித்தால் அம்மதிப்பு 140 கோடியாகவும், நலிந்தால் 70 கோடியாகவும் ஆகும். நிறுவும் உரிமம் ஓராண்டு வரை செல்லும். நிறுவும் செலவு அப்போதும் மாறாது. அபாயமற்ற வட்டி 5 சதவீதம் என்று கொள்வோம். பழைய முறைப்படி இம்முயற்சி 5 கோடி நஷ்டம்; உரிமத்தைத் திருப்பித் தந்துவிட வேண்டியதுதான். ஆனால் உரிமம் பெற்றவர் ஓராண்டு காத்திருந்தால், செழித்த சந்தையில் 105 கோடி போட்டு 140 கோடிச் சொத்தை அடைந்து 35 கோடி ஆதாயம் பெறுவார். நலிந்த சந்தையில் ஒன்றும் செய்யாது விலகுவார், இழப்பும் இல்லை. இப்படி ஒரு பக்கம் 35 கோடியும் மறுபக்கம் பூச்சியமும் தரும் உரிமத்துக்கு இன்று என்ன விலை? இதே இடர்ப்பாடு கொண்ட பங்குகள் சந்தையில் கிடைப்பதாயின், 33 கோடியே 33 லட்சம் கடன் வாங்கி, கைப்பணத்தையும் சேர்த்து 50 கோடிக்கு அப்பங்குகளை வாங்கி வைக்கலாம். ஆண்டு முடிவில் பங்குகள் 70 கோடியாகவோ 35 கோடியாகவோ ஆகும். கடனும் வட்டியுமாக 35 கோடியைத் திருப்பிக் கொடுத்தால் எஞ்சுவது 35 கோடி அல்லது பூச்சியம். உரிமம் தருவதையே இதுவும் தருவதால், இரண்டுக்கும் விலை ஒன்றாகவே இருத்தல் வேண்டும். அது கைப்பணமாகப் போட்ட 16 கோடியே 67 லட்சம். 5 கோடி நஷ்டம் என்று தள்ளப்பட்ட காரியத்தின் உரிமத்துக்கு இத்தனை விலை!

இக்கணக்கில் கவனிக்கத்தக்கவை இரண்டு உண்டு. சந்தை செழிக்கும் நிகழ்தகவு எவ்வளவு என்ற கேள்வியே எழவில்லை. அதைப் பற்றிய சந்தையின் அபிப்பிராயம் 100 கோடி என்ற இன்றைய விலையிலேயே அடங்கிவிட்டது. மற்றொன்று இன்னும் முக்கியமானது. ஏற்ற இறக்கம் மிகுந்து, நாளைய மதிப்பு 160 கோடி அல்லது 60 கோடி என்றானால், உரிமத்தின் விலை 23 கோடியே 57 லட்சமாக உயர்கிறது. அநிச்சயம் பெருகினால் மதிப்பு குறையும் என்பது பழைய முறையில் ஊறியவரின் நம்பிக்கை. விலகும் உரிமை கையில் உள்ளவரைக்கும் அந்த அநிச்சயமே செல்வமாகிறது. ஏனெனில், மேல்நோக்கிய ஏற்றம் முழுவதும் அவருக்குச் சேர, கீழ்நோக்கிய சரிவிலிருந்து அவர் ஒதுங்கிக்கொள்ளலாம்.

கடனும் பங்கும் கொண்டு ஆப்ஷனைப் போலி செய்து விலை காணும் இந்த யுக்தி, ஃபிஷர் பிளாக், மைரன் ஷோல்ஸ் ஆகியோர் 1973-ல் சேர்ந்து எழுதிய கட்டுரையிலும், அதே ஆண்டு ராபர்ட் மெர்ட்டன் தனியே எழுதியதிலும் முழு வடிவம் பெற்றது. பிளாக் 1995-ல் காலமாகிவிட, 1997-ம் ஆண்டின் பொருளாதார நோபல் பரிசு மற்ற இருவருக்கும் வழங்கப்பட்டது. மேலே காட்டியது போன்ற இருகிளைக் கணக்கை 1979-ல் காக்ஸ், ராஸ், ரூபின்ஸ்டைன் மூவரும் வகுத்தனர். மைக்கேல் பிரென்னனும் எட்வர்டோ ஷ்வார்ட்ஸும் 1985-ல் ஒரு சுரங்கத்தை எந்த விலையில் திறப்பது, எந்த விலையில் மூடுவது என்பதற்கு இம்முறையால் விடை கண்டனர். மறு ஆண்டு மெக்டொனால்டும் சீகலும், திருப்பப்பெற முடியாத முதலீடுகளில், நியாயமான அளவுகளைக் கொண்டு கணக்கிட்டால், கிடைக்கும் மதிப்பு செலவைப் போல் இரு மடங்காகும் வரையில் காத்திருத்தலே சிறந்ததாகலாம் என்று நிறுவினர். செலவை மிஞ்சினால் போதும் என்ற விதியோடு பழகியவருக்கு இது வியப்பைத் தரும். ஆயினும் தொழில் நடத்துவோர் வங்கி வட்டியைக் காட்டிலும் மிக உயர்ந்த ஆதாயத்தை எதிர்பார்த்தே முதலிடுவதன் காரணம் இதனால் விளங்குகிறது. பம்பாயில் பிறந்தவரான அவினாஷ் தீட்சித், ராபர்ட் பிண்டைக்குடன் 1994-ல் வெளியிட்ட நூல் இத்துறையின் ஆதார நூலாயிற்று. நஷ்டத்திலும் ஒரு தொழிலை உடனே மூடாமல் நடத்துவது மூடத்தனமன்று, மீண்டும் திறக்கும் செலவை எண்ணிச் செய்யும் விவேகமாகவும் இருக்கலாம் என்பது தீட்சித் விளக்கிய உண்மைகளுள் ஒன்று.

காத்திருத்தல் எப்போதும் லாபமன்று என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். காத்திருக்கும் காலத்தில் ஆலை ஈட்டியிருக்கக்கூடிய வருமானம் கைநழுவுகிறது, காப்புரிமையின் ஆயுள் தேய்கிறது, போட்டியாளன் முந்திக்கொள்கிறான். உரிமை ஒருவருக்கே உரியதாக இருக்கும் இடத்தில் மட்டுமே பொறுமைக்கு முழு விலை உண்டு.

கோட்பாடு வெறும் ஏட்டுக் கணிதமன்று, ஒரு தேசத்தின் கனிவளத்தை விற்கும் ஒப்பந்தத்துக்கே உருவம் கொடுக்க வல்லது என்பதற்குப் பெரு நாட்டின் அன்டமினா சிறந்த சான்று. ஆண்டீஸ் மலைத்தொடரில் 4,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் தாமிரமும் துத்தநாகமும் செறிந்த இவ்விடம் சென்ட்ரோமின் என்ற அரசு நிறுவனத்திடம் இருந்தது. 1996-ல் அரசு இதை ஏலத்தில் விட்டபோது, கனிமம் எவ்வளவு கிடைக்கும், என்ன விலை போகும் என்பது எவருக்கும் நிச்சயமாகத் தெரியாது. ஆகவே ஏலம் கேட்போர் இரண்டு தொகைகளைக் கூற வேண்டும் என்று விதிக்கப்பட்டது: ஒன்று, உடனே செலுத்தும் ரொக்கம், மற்றொன்று, சுரங்கத்தை அமைப்பதானால் அதில் போடுவதாக வாக்களிக்கும் முதல். ஏலம் எடுத்தவர் இரண்டாண்டு துளையிட்டு ஆராய்ந்தபின், வேண்டாமெனில் இடத்தைத் திருப்பிக் கொடுத்து விலகலாம். வேண்டுமெனில் மேலே தொடரலாம். தொடர்ந்து, வாக்களித்ததைவிடக் குறைவாகச் செலவிட்டால், குறைந்த தொகையில் 30 சதவீதத்தை அரசுக்கு அபராதமாகக் கட்ட வேண்டும். கனடாவின் ரியோ அல்கோம், இன்மெட் நிறுவனங்கள் சேர்ந்து 2 கோடி டாலர் ரொக்கமும் 250 கோடி டாலர் முதலீட்டு வாக்குறுதியும் கூறி ஏலத்தை வென்றன.

இவ்விரு தொகைகளுக்கும் இடையே உள்ள பெரும் ஏற்றத்தாழ்வு தற்செயலன்று. ரொக்கம் இன்றே போய்விடும் பணம். வாக்குறுதியோ சுரங்கம் நல்லதாக அமைந்தால் மட்டும் சுமையாகும் வார்த்தை. சுரங்கத்துக்கு உண்மையில் 200 கோடியே தேவைப்படும் என்று நினைப்பவர் 250 கோடி என்று கூறினால், அவர் தருவதாகச் சொல்வது 50 கோடியன்று. அதில் 30 சதவீதமாகிய 15 கோடியே. அதையும் கனிமம் நன்றாயிருந்து அவரே தொடர விரும்பினால்தான் தர வேண்டும். ஆகவே ஏலம் கேட்போர் ரொக்கத்தைச் சுருக்கி வாக்குறுதியைப் பெருக்குவது இயல்பே. பெரிய முதலீடு வருகிறது என்று மக்களிடம் காட்ட விழையும் அரசுக்கும் இது உகந்தது. ஆனால் ஒரு தீங்கும் உண்டு. வாக்களித்த தொகையை எட்டாத வரையில், கூடுதலாகச் செலவிடும் ஒவ்வொரு டாலரும் அபராதத்தில் 30 சென்ட் மிச்சப்படுத்துவதால், தேவையற்ற செலவுக்கே அது தூண்டுகிறது; நடுத்தரமான சுரங்கமாயின் அபராதத்துக்கு அஞ்சி அதைக் கைவிடவும் தூண்டுகிறது. அறிஞர்கள் பீட்டர் டுஃபானோவும் ஆல்பெர்டோ மொயெலும் இந்த ஏலத்தை இக்கோட்பாட்டின் வழியே ஆராய்ந்துள்ளனர். கூட்டாளிகள் இடையில் மாறினும், 1998-ல் சுரங்கத்தை அமைக்கத் தீர்மானிக்கப்பட்டு, 2001-ல் உற்பத்தி தொடங்கிற்று. தேர்வுரிமையை விற்பவரும் அதன் இலக்கணத்தை அறிந்திருத்தல் வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வழக்கை நான் அறியேன்.

பொறியியல் அமைப்பிலும் தேர்வுரிமையைக் கட்டி வைக்கலாம். லிஸ்பன் நகரில் டேகஸ் ஆற்றின் குறுக்கே 1966-ல் திறக்கப்பட்ட தொங்கு பாலம், பிற்காலத்தில் ரயில் பாதையையும் தாங்கும் எண்ணத்தோடு வடிவமைக்கப்பட்டிருந்தது. 1999-ல் அதன் கீழ்த்தளத்தில் ரயில் ஓடலாயிற்று. சிகாகோவில் ஒரு மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் 1997-ல் 30 மாடிக் கட்டடம் எழுப்பியபோதே, மேலும் மாடிகளைச் சுமக்கும் வலுவை அஸ்திவாரத்திலும் தூண்களிலும் வைத்துக் கட்டி, 2010-ல் இன்னும் 24 மாடிகளைச் சேர்த்துக்கொண்டது. நம் ஊர்களில் மொட்டைமாடியின் தூண்களிலிருந்து கம்பிகளை வெட்டாமல் நீட்டி விட்டுவைக்கும் வழக்கமும் இதுவேதான்: மாடி எடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை, எடுக்கும் உரிமைக்குக் கொடுத்த விலை, நீண்டு நிற்கும் கம்பியும் வலுவாகப் போட்ட கடைக்காலும்.

மருந்து ஆராய்ச்சி, எண்ணெய் வயல் ஆகியவற்றிலும் இம்முறை வேரூன்றியது. ஒரு மருந்தின் ஒவ்வொரு சோதனைக் கட்டமும் அடுத்த கட்டத்துக்குச் செல்லும் உரிமையை வாங்கும் விலை என்று கருதி, ஆராய்ச்சிச் செலவை மதிப்பிட மெர்க் நிறுவனம் இதனை மேற்கொண்டதை அதன் நிதித் தலைவர் ஜூடி லெவென்ட் 1994-ல் ஒரு பேட்டியில் விவரித்தார். கடலடி எண்ணெய்க் குத்தகைகளை இம்முறையில் மதிக்கும் வழியைப் பேடக், சீகல், ஸ்மித் ஆகியோர் 1988-ல் காட்டினர்.

முழு நிறுவனம் ஒன்றுக்கு இம்முறையால் விலை கூற முற்படும்போதுதான் மிகுந்த எச்சரிக்கை தேவைப்படுகிறது. சுரங்கத்துக்குத் தாமிர விலை என்ற பொது அளவுகோல் உண்டு. புதிய தொழில் ஒன்றின் வளர்ச்சிக்கு அத்தகைய சந்தை விலை கிடையாது. ஷ்வார்ட்ஸும் மார்க் மூனும் 2000-ல் இணைய நிறுவனங்களுக்கு விலை காணும் கட்டுரையில் அமேசானை எடுத்துக்கொண்டபோது, தொடக்க நிலைமைகளையும் அளவுகளையும் சற்றே மாற்றினாலும் மதிப்பு பெரிதும் மாறிவிடுவதை அவர்களே நேர்மையோடு எடுத்துச் சொன்னார்கள். ஏற்ற இறக்க அளவைத் தம் விருப்பம்போல் உயர்த்தி, முன்னரே தீர்மானித்த விலைக்கு நியாயம் தேட விரும்புவோர்க்கு இம்முறை எளிதில் கருவியாகிவிடும். ஆதலால் நிறுவனத்தை மதிப்பிடுபவர், இன்று நடக்கும் தொழிலின் மதிப்பைப் பழைய முறையிலேயே தனியே கண்டு, ஒவ்வொரு தேர்வுரிமையையும் பெயர் சொல்லித் தனியே குறித்து, அது யாருடைய உரிமை, எப்போது காலாவதியாகும், பயன்படுத்த என்ன செலவாகும் என்ற கேள்விகளுக்கு விடை கூற முடிந்தால் மட்டுமே அதன் விலையைக் கூட்ட வேண்டும். விடை கூற முடியாத வளர்ச்சி வாய்ப்பு வெறும் நம்பிக்கையே.

உரிமை இருப்பது ஒன்று. அதை உரிய வேளையில் பிரயோகிப்பது வேறு. வட அமெரிக்காவின் 285 தங்கச் சுரங்கங்கள் 1988 முதல் 1997 வரை திறந்தும் மூடியும் வந்த வரலாற்றை மொயெலும் டுஃபானோவும் ஆராய்ந்து, தங்கத்தின் விலை, அதன் ஏற்ற இறக்கம், உற்பத்திச் செலவு ஆகியவற்றோடு இம்முடிவுகள் பெரும்பாலும் கோட்பாடு சொன்னபடியே இயைந்தன என்று கண்டனர். ஆனால், ஒரு சுரங்கத்தை மூடுவதா இல்லையா என்பது, அதே நிறுவனத்தின் மற்றச் சுரங்கங்கள் ஈட்டும் லாபத்தையும் பொறுத்திருந்ததைக் கோட்பாட்டால் விளக்க முடியவில்லை. லாபமீட்டும் சுரங்கங்களின் நிழலில் நஷ்டச் சுரங்கம் ஒன்று மூடப்படாமல் தொடருமாயின், கைவிடும் உரிமைக்கென்று கணக்கேட்டில் எழுதிய தொகை கைக்கு வாராத பணமே. ஆகவே ஒரு முயற்சியில் கைவிடும் உரிமைக்கு மதிப்புக் கூட்டுவோர், எந்த விலையில், எந்தத் தேதியில், யாருடைய உத்தரவால் அதைக் கைவிடுவது என்பதைத் தொடக்கத்திலேயே முதலீட்டுத் தீர்மானத்தில் எழுதி வைப்பது அவசியம்.