வந்தவாசியில் பிறந்த சர் சி.பி.

ஒகேனக்கல்லில் வீழ்ந்து பாயும் காவிரி மேட்டூரில் தேங்கி நிற்பதை அரூர் வட்டாரத்தார் நன்கறிவர். அவ்வணைக்கு அரசின் தரப்பில் பெரிதும் முயன்றவர், சமணக் குடும்பங்கள் தொன்றுதொட்டு வாழும் வந்தவாசியில் 12-11-1879 அன்று பிறந்த சர் சி.பி. இராமசாமி ஐயர். அவர் சமணரல்லர். எனினும் கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்டோர் அவர் வரலாற்றை எளிதில் கடந்துவிட இயலாது.

சட்டத்தில் புகழ்பெற்ற அவர் 1920இல் சென்னைச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1923 முதல் 1928 வரை ஆளுநரின் நிர்வாகக் குழுவில் சட்ட உறுப்பினர். பாசனமும் மின்சாரமும் அவர் பொறுப்பில் இருந்தன. மைசூருடன் 1924இல் காவிரி உடன்பாடு ஏற்பட்டது. மறு ஆண்டே மேட்டூரில் பணி தொடங்கியது. நீலகிரியில் ஏறத்தாழ 3000 அடி உயரத்திலிருந்து நீரை இறக்கி மின்சாரம் எடுக்கும் பைக்காராத் திட்டத்துக்கும் அவரே ஊக்கம் அளித்தார். பைக்காரா 1932இலும் மேட்டூர் அணை 1934இலும் நிறைவெய்தின. அப்போது அவர் அப்பதவியில் இல்லை. விதைத்தவர் ஒருவர், விழாக் கண்டவர் வேறொருவர்! பைக்காரா மின்சாரத்தால் கோவையில் நூற்பாலைகள் பெருகின.

1936இல் திருவிதாங்கூர்த் திவானானார். அவ்வாண்டே ஆலய நுழைவுப் பிரகடனம் வந்தது. மூணாற்றை அடுத்த பள்ளிவாசல் நீர்மின் நிலையம் 1940இல் இயங்கத் தொடங்கியது. ஆலுவாப் பகுதியில் அலுமினிய ஆலையும் உர ஆலையும் எழுவதற்கு அந்த மின்சாரமே அடிப்படை.

1944இல் திருவிதாங்கூரில் மரண தண்டனை நீக்கப்பட்டது. உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில் ஓர் அரசு தூக்குமரத்தைக் கைவிட்டது சிறிய செய்தியன்று. ஆனால் ஈராண்டுகள் கழித்து, 1946 அக்டோபரில், புன்னப்புரையிலும் வயலாரிலும் கிளர்ந்தெழுந்த தொழிலாளர்மீது அதே அரசின் படை சுட்டது, பலர் மாண்டனர். நீதிமன்றம் தீர்ப்பளித்த பின்னரும் உயிரைப் பறிக்கலாகாது என்ற ஆட்சி, விசாரணையே இன்றிப் பலர் உயிரைப் பறித்தது. முன்னதைப் பாராட்டுவோர் பின்னதை மறைத்தல் நேர்மையாகாது.

1947இல் திருவிதாங்கூர் தனிநாடாகும் என அறிவித்தார். அவ்வாண்டு ஜூலை 25 அன்று திருவனந்தபுரத்தில் வெட்டுக் காயமுற்றார்; அடுத்த மாதமே பதவி துறந்தார். பின்னர் அண்ணாமலை, காசி இந்துப் பல்கலைக்கழகங்களின் துணைவேந்தராயிருந்து, 1966இல் இலண்டனில் மறைந்தார். திருவிதாங்கூர் இந்தியாவுடன் இணைந்தபின் அங்கே மரண தண்டனை திரும்பி வந்தது. பள்ளிவாசல் மின்நிலையம் இன்றும் இயங்குகிறது.